மலேரியாவும் அரிவாள் அணுவும்: எதிர்ப்பாற்றல், மரபு, பரிணாமம் என்ற மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி இது: "நீலகிரி, வயநாடு பகுதிகளில் வாழும் பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக மலேரியாவோடு போராடியதால், அவர்கள் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகி, அது மரபணுவில் பதிந்து, பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது, இதைத்தான் பரிணாமம் என்கிறார்கள் என்று ஒரு நண்பர் விளக்கினார். இது சரியா? எதிர்ப்பாற்றல், மரபணு, அல்லீல், சடுதிமாற்றம், இயற்கைத் தேர்வு ஆகிய சொற்களுக்கு உண்மையில் என்ன பொருள்?"

உங்கள் நண்பர் சொன்னதில் மூன்று உண்மைகள் இருக்கின்றன. அந்தப் பகுதிகளில் மலேரியா நெடுங்காலம் இருந்தது. அங்குள்ள மக்களில் ஒரு பகுதியினரிடம் மலேரியாவின் கடுமையைக் குறைக்கும் ஒரு மரபணு வடிவம் இருக்கிறது. அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகிறது. ஆனால் இந்த மூன்றையும் அவர் கோத்த நூல் தவறானது. மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்திய ஆண்டுகளில் இதே விளக்கத்தை விடைத்தாள்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் படிக்காத மாணவர்கள் அல்லர். தடைகாப்பியல் ஒரு பாடம், மரபியல் ஒரு பாடம், பரிணாமம் ஒரு பாடம் என்று தனித்தனியே மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வறையில் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டவர்கள்.

கலக்காமல் இருக்க ஒரு கேள்வி போதும்: மாற்றம் எங்கே நடக்கிறது? ஒருவர் பிறந்து இறப்பதற்குள் அவருடைய உடலுக்குள் நடப்பது எதிர்ப்பாற்றலின் மாற்றம். கருமுட்டை, விந்தணு ஆகியவற்றின் வழியாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது மரபு. ஒரு மக்கள்தொகையில் ஒரு மரபணு வடிவத்தின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை கூடுவதோ குறைவதோ பரிணாமம். தனி மனிதர் ஒருவர் பரிணாமம் அடைவதில்லை. அப்படி ஒரு வாக்கியம் எழுதினால் அது முதல் சொல்லிலேயே தவறிவிடுகிறது. இனி, நண்பர் குறிப்பிட்ட மரபணுவையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

அவர் குறிப்பிடுவது கதிர் அரிவாள் இரத்தசோகைக்குக் காரணமான மரபணு வடிவம். மருத்துவமனைகளில் 'சிக்கிள் செல்' என்றே சொல்கிறார்கள். சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து வந்திருந்த ஒரு பல் மருத்துவ மாணவரின் இரத்தத்தில் வளைந்து நீண்ட சிவப்பணுக்களைக் கண்டதை 1910ஆம் ஆண்டு வெளியிட்டார். இதைக் கண்ணால் பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு துளி இரத்தத்தோடு சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலைக் கலந்து, கண்ணாடிச் சில்லால் மூடி, காற்றுப் புகாமல் ஓரங்களை அடைத்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஆக்சிஜன் தீரத் தீர, வட்டமாக இருந்த அணுக்கள் ஒவ்வொன்றாக முனை கூர்ந்து, கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து கிடக்கும். சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. அரிவாளாக வளையும் அணு 10 முதல் 20 நாள்களுக்குள் சிதைந்துவிடுகிறது. சோகை அதனால்தான் வருகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துக்கொள்வதால் எலும்பிலும் மூட்டிலும் மார்பிலும் தாங்க முடியாத வலி வருகிறது.

இத்தனைக்கும் அடிப்படை ஓர் எழுத்துப் பிழை. ஹீமோகுளோபின் என்பது இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்த, சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். பீட்டா சங்கிலியை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு 11ஆவது குரோமோசோமில், டி.என்.ஏ.வின் ஒரு குறிப்பிட்ட துண்டில் இருக்கிறது. அந்தத் துண்டைத்தான் மரபணு என்கிறோம். அந்தக் குறிப்பில், டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஜிஏஜி என்று இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஜிடிஜி என்று இருந்தால், 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீரை விரும்பாத வாலின், ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில் பக்கத்து ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ள, மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகத் திரண்டு அணுவையே வளைத்துவிடுகின்றன. ஹீமோகுளோபினில்தான் வேறுபாடு இருக்கிறது என்று லைனஸ் பாலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1949இல் காட்டினார்கள். அந்த வேறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலம்தான் என்பதைச் சில ஆண்டுகளுக்குள் வெர்னான் இங்ராம் கண்டறிந்தார்.

இப்போது அல்லீல் என்ற சொல் எளிதாகிவிடும். மரபணு என்பது இடமும் வேலையும். அல்லீல் என்பது அந்த இடத்தில் இருக்கக்கூடிய வடிவங்களுள் ஒன்று. பீட்டா குளோபின் மரபணு எல்லாருக்கும் உண்டு. ஆகவே 'அவருக்குச் சிக்கிள் செல் மரபணு இருக்கிறது' என்று பேச்சில் சொல்வதை, எழுதும்போது 'பீட்டா குளோபின் மரபணுவின் எஸ் அல்லீல் இருக்கிறது' என்று எழுதுவதே சரி. வழக்கமான அல்லீலை ஏ என்று குறித்தால், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்குக் கிடைக்கும் இணை, ஏஏ, ஏஎஸ், எஸ்எஸ் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். இந்த இணையே மரபணுவாக்கம். இணையின் இரண்டும் ஒன்றாக இருந்தால் ஹோமோசைகஸ்; வேறுவேறாக இருந்தால் ஹெட்டிரோசைகஸ். அதன் விளைவாகக் கண்ணுக்கோ கருவிக்கோ தெரியும் பண்பு புறத்தோற்றம்.

ஓங்குதன்மை, ஒடுங்குதன்மை ஆகிய சொற்களில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பிரதி இருந்தாலே பண்பு வெளிப்பட்டால் அந்த அல்லீல் ஓங்கியது; இரண்டு பிரதிகளும் இருந்தால்தான் வெளிப்படும் என்றால் ஒடுங்கியது. எஸ் அல்லீல் ஒடுங்கியதா, ஓங்கியதா என்று கேட்டால், 'எந்தப் பண்பைப் பற்றிக் கேட்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை. நோயைப் பற்றிய கேள்வி என்றால் அது ஒடுங்கியது. ஏனெனில் ஏஎஸ் உள்ளவர் பொதுவாக நலமாகவே இருக்கிறார், அவரை நோயாளி என்று சொல்வதில்லை, கடத்துபவர் என்றே சொல்கிறோம். அதே மனிதரின் இரத்தத்தை ஆய்வகத்தில் மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டு வகை ஹீமோகுளோபினும் இரண்டு பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். அங்கே ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை, ஆகவே அது இணை ஓங்குதன்மை. மலேரியாவைப் பற்றிய கேள்வி என்றாலோ, ஏஎஸ் மற்ற இரண்டையும் விட மேலானது. ஓங்குதன்மை என்பது அல்லீலின் நெற்றியில் எழுதியிருக்கும் குணம் அன்று. இரண்டு அல்லீல்கள் சேரும்போது நாம் எந்தப் பண்பை அளக்கிறோமோ அதைப் பொறுத்து வரும் உறவு. ஓங்கிய அல்லீல் என்றால் வலிமையானது, ஆகவே மக்களிடையே பெருகும் என்று நினைப்பதும் இதே குழப்பத்தின் கிளைதான்.

இன்னொரு தவறு வீடுகளில் பெரிய துயரத்தையே உண்டாக்குகிறது. தாயும் தந்தையும் ஏஎஸ் என்றால் நான்கில் ஒரு பங்கு எஸ்எஸ் என்பதை, 'நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வரும். முதல் பிள்ளைக்கே வந்துவிட்டதால் இனி பயமில்லை' என்று புரிந்துகொள்கிறார்கள். முதல் பிள்ளையின் கருமுட்டைக்கு என்ன நேர்ந்தது என்பது அடுத்த கருமுட்டைக்குத் தெரியாது. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் வாய்ப்பு புதிதாக 25 விழுக்காடுதான். மூன்று பிள்ளைகளுக்கும் நோய் இருக்கும் குடும்பமும் உண்டு, ஒருவருக்கும் இல்லாத குடும்பமும் உண்டு.

அடுத்து எதிர்ப்பாற்றல். பாடநூல் இதை நோய்த்தடைகாப்பு என்கிறது; இலங்கைப் பாடநூல்களில் நிர்ப்பீடனம். நோய்க்கிருமியின் மேல் இருக்கும் எந்த மூலக்கூற்றை நம் உடல் அடையாளம் கண்டுகொள்கிறதோ அது ஆன்டிஜென். அதற்குப் பொருந்துமாறு நம் இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்களிலிருந்து தோன்றும் செல்கள் சுரக்கும் புரதம் எதிர்ப்பொருள். கிருமியைப் பார்த்த பிறகு உடல் அதற்கேற்ற எதிர்ப்பொருளை வார்த்தெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது ஏறத்தாழ நேர்மாறானது. ஒவ்வொரு பி செல்லும் உருவாகும்போதே, எதிர்ப்பொருளுக்கான மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டைக் கலைப்பது போலக் கலைத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு வடிவத்தோடு பிறக்கிறது. இப்படிக் கலைவதைக் கண்டறிந்ததற்காகத்தான் சுசுமு டோனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. கோடிக்கணக்கான வடிவங்களில் எதுவோ ஒன்று உள்ளே வந்த கிருமிக்குத் தற்செயலாகப் பொருந்துகிறது. பொருந்திய செல் மட்டும் பல்கிப் பெருகுகிறது. அதன் வழிவந்தவற்றில் சில, நினைவு செல்களாகத் தங்கிவிடுகின்றன. முன்கூட்டியே உள்ள வேறுபாடு, அதிலிருந்து தேர்வு, பிறகு பெருக்கம் என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பரிணாமத்தைப் பேசும்போது இதே வரிசை மீண்டும் வரும்.

மலேரியாவுக்கும் இப்படிப்பட்ட எதிர்ப்பாற்றல் உண்டு. ஆனால் அது மெதுவாகவே வருகிறது. பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் நீட்டும் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கென்று அதனிடம் ஏறத்தாழ 60 மரபணுக்கள் இருக்கின்றன. நேற்று அடையாளம் கண்ட வேடம் இன்று இல்லை. ஆகவே நோய் மிகுந்த பகுதியில் பிறந்த ஒருவர், பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளான பிறகே ஓரளவு பாதுகாப்புப் பெறுகிறார். அவர் வெளியூர் போய்ச் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பாதுகாப்பும் பெருமளவு குறைந்துவிடுகிறது. 'போராடியதால் உருவான எதிர்ப்புச் சக்தி' என்று உங்கள் நண்பர் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். இது பிள்ளைகளுக்கு மரபாகப் போவதில்லை. மரபணுத் துண்டுகள் கலைந்தது பி செல்லின் டி.என்.ஏ.வில், பிள்ளைக்குப் போவதோ கருமுட்டையின், விந்தணுவின் டி.என்.ஏ. முன்னது உடற்செல், பின்னது இனச்செல். உடற்செல்லில் எழுதியது இனச்செல்லுக்கு நகலெடுக்கப்படுவதில்லை.

இங்கே யாராவது, 'தாயின் எதிர்ப்பாற்றல் குழந்தைக்கு வருகிறதே' என்று கேட்பார்கள். வருகிறது. ஆனால் அது மரபு அன்று, சீதனம். தாயின் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் சென்று, பிறந்த பிறகு சில மாதங்கள் குழந்தையைக் காத்துவிட்டுத் தீர்ந்துபோகின்றன. குழந்தைக்குக் கிடைத்தது செய்து முடித்த பொருளே தவிர, அதைச் செய்யும் முறை அன்று.

அப்படியானால் ஏஎஸ் உள்ளவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எதைச் சேர்ந்தது? பொருளை இறுக்கிச் சொன்னால் அதைப் பெற்ற எதிர்ப்பாற்றல் என்று சொல்லக் கூடாது. மரபுவழித் தாங்குதிறன் என்று சொல்வதே நல்லது. மலேரியாவை ஒருமுறைகூடப் பார்க்காத, சென்னையிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்த ஏஎஸ் ஒருவருக்கும் அது முதல் நாளிலிருந்தே இருக்கிறது. எதையும் அடையாளம் காண்பதோ நினைவு வைத்துக்கொள்வதோ அதில் இல்லை. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு எளிதில் வளைந்து, மண்ணீரலால் வடிகட்டப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடங்களில் ஒட்டுண்ணியின் வளர்ச்சி தடைப்படுகிறது. ஒட்டுண்ணி நீட்டும் ஒட்டும் புரதமும் அணுவின் மேற்பரப்பில் சரியாக அமைவதில்லை. ஏஎஸ் உள்ளவரையும் கொசு கடிக்கும், ஒட்டுண்ணி இரத்தத்துக்குள் வரும், காய்ச்சலும் வரலாம். ஆனால் உயிரைப் பறிக்கும் கடும் மலேரியா வரும் வாய்ப்பு அவருக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை ஆராய்ந்து 1954இல் வெளியிட்டவர், கென்யாவில் வளர்ந்த அந்தோணி அல்லிசன். மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் தலசீமியா என்ற மற்றொரு மரபுவழி இரத்தசோகையைப் பற்றி இதே போன்ற கருத்தை முன்வைத்திருந்தார். அவர் 1957இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, புவனேஸ்வரத்தில் காலமானார் என்பது உபரிச் செய்தி.

எஸ்எஸ் உள்ளவரின் நிலை வேறு. இரட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய மண்ணீரல் அடைப்புகளால் சிறு வயதிலேயே சுருங்கிச் செயலிழந்துவிடுவதால், நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களை எதிர்க்கும் ஆற்றல் மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் குழந்தைகளுக்குப் பென்சிலினும் கூடுதல் தடுப்பூசிகளும் கொடுக்கிறார்கள். மலேரியா வந்தால் அவர்களுக்கு அது உயிராபத்து. ஒரே அல்லீல், ஒற்றைப் பிரதியாக இருக்கும்போது ஒரு தொற்றைத் தாங்கவும், இரட்டைப் பிரதியாக இருக்கும்போது பிற தொற்றுகளுக்கு வழிவிடவும் செய்கிறது.

இனி சடுதிமாற்றம். இலங்கையில் இதற்கு விகாரம் என்று பெயர். ஜிஏஜி ஜிடிஜி ஆனது டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது நேர்ந்த ஒரு மாற்றம். மலேரியா இருக்கிறது, ஆகவே இந்த எழுத்தை மாற்றுவோம் என்று எந்தச் செல்லும் முடிவெடுக்கவில்லை. மலேரியாவே இல்லாத ஊரிலும் அப்படிப்பட்ட மாற்றம் நேரலாம், நேர்ந்து சுவடில்லாமல் மறைந்தும் போகலாம். தேவை என்பது சடுதிமாற்றத்தை உண்டாக்குவதில்லை. உண்டான பிறகு அது தங்குமா போகுமா என்பதில்தான் சூழல் தலையிடுகிறது. அந்தத் தலையீட்டின் பெயர் இயற்கைத் தேர்வு.

அதை எண்களில் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள். ஒரு மக்கள்தொகையில் எஸ் அல்லீலின் விகிதம் 10 விழுக்காடு என்றால், தற்செயலாகத் துணை அமையும்போது 1,000 குழந்தைகளில் 810 பேர் ஏஏ, 180 பேர் ஏஎஸ், 10 பேர் எஸ்எஸ். மொத்தம் 2,000 அல்லீல்கள்; அவற்றில் எஸ் 200. பழங்காலத்தில் நடந்தது போல, எஸ்எஸ் குழந்தைகள் பத்துப் பேரும் வளர்வதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள் என்று கொள்வோம். எஸ் 180 ஆகக் குறைகிறது, மொத்தம் 1,980, விகிதம் 9.1 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. மலேரியா இல்லாத ஊரில் தலைமுறைதோறும் இப்படி இறங்கிக்கொண்டே போகும். இப்போது மலேரியாவைக் கொண்டுவாருங்கள். ஏஏ குழந்தைகள் 810 பேரில் 90 பேரை அது கொன்றுவிடுகிறது என்றால், ஏ அல்லீல் 1,800இலிருந்து 1,620 ஆகிறது, எஸ் 180, மொத்தம் 1,800. விகிதம் மீண்டும் சரியாக 10 விழுக்காடு. நூறு குழந்தைகளின் சாவில் நிலைபெறும் சமநிலை இது. ஹெட்டிரோசைகஸ் மேம்பாடு என்று புத்தகத்தில் ஒரு வரியில் வருவதன் பொருள் இவ்வளவுதான்: ஒரு பக்கம் நோயும் மறு பக்கம் மலேரியாவும் இழுக்க, இரண்டு அல்லீல்களும் அழியாமல் தங்குகின்றன. இந்தக் கணக்கில் எந்தக் குழந்தையின் மரபணுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் பிழைத்தார் என்பது மட்டுமே மாறியது.

இந்தியாவில் எஸ் அல்லீல் முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரியில்தான். லேமன், கட்புஷ் ஆகிய இருவர் 1952இல் இருளர், குறும்பர், பணியர் உள்ளிட்ட மக்களிடம் அதைக் கண்டார்கள். பின்னர் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிசா, குஜராத் எனப் பல பகுதிகளில் தெரியவந்தது. பழங்குடிக் குழுக்களிடையே கடத்துபவர்களின் விகிதம் 1 முதல் 40 விழுக்காடு வரை வேறுபடுகிறது. இவ்வளவு வேறுபாட்டுக்கும் மலேரியா ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. சிறிய குழு, குழுவுக்குள்ளேயே திருமணம் என்று இருக்கும்போது, ஒரு சில குடும்பங்களுக்குப் பிள்ளைகள் அதிகம் பிறந்தாலே அல்லீலின் விகிதம் தற்செயலாக ஏறியும் இறங்கியும் போகும். இதற்கு மரபியல் நகர்வு என்று பெயர். தேர்வு, நகர்வு, மக்கள் இடம்பெயர்ந்து கலப்பது ஆகிய எல்லாமே விகிதத்தை மாற்றுவதால் எல்லாமே பரிணாமத்தின் காரணிகள்தாம். இயற்கைத் தேர்வும் பரிணாமமும் ஒன்று என்று எழுதுவது தவறாவது இதனால்தான்.

தகவமைப்பு என்ற சொல்லையும் சிறிது எச்சரிக்கையாகப் பயன்படுத்த வேண்டும். மலையேறிய ஒருவருக்குச் சில வாரங்களில் சிவப்பணு கூடுவது அந்த ஒரு உடலின் இணக்கம். ஒரு மக்கள்தொகையில் தேர்வின் வழியாக ஒரு பண்பு பரவுவதே பரிணாமப் பொருளில் தகவமைப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால், நண்பர் செய்தது போன்ற பிழைகளுக்கு மொழியே பாதி வழிவிட்டுவிடுகிறது. பரிணாமத்துக்கு இலங்கையில் வழங்கும் கூர்ப்பு என்ற சொல்லும், 'மேலும் மேலும் கூர்மையாவது' என்ற எண்ணத்தைத் தருவதால், எனக்கு அவ்வளவு நிறைவைத் தருவதில்லை. அரிவாள் அணுவில் முன்னேற்றம் எங்கே இருக்கிறது?

கற்றது பிடிபட்டதா என்று பார்க்க ஒரு சோதனைக் கேள்வி தருகிறேன். 2023ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரிவாள் அணு நோய்க்கு 'காஸ்ஜெவி' என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்து பிறகு அடங்கிவிட்ட கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்க வைக்குமாறு டி.என்.ஏ.வில் ஓரிடத்தைக் கத்தரித்து, உடலுக்குள் திருப்பி அனுப்புகிறார்கள். பெரும்பாலானோருக்கு வலியும் அடைப்பும் நின்றுவிடுகின்றன. அப்படிக் குணமான எஸ்எஸ் பெண் ஒருவர் ஏஏ ஆணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகளின் மரபணுவாக்கம் என்ன? திருத்தியது எலும்பு மஜ்ஜையில் வாழும் உடற்செல்களை. அங்கேயும் எஸ் அல்லீல் அப்படியே இருக்கிறது, அதன் தீங்கு மட்டும் அடக்கப்பட்டிருக்கிறது. கருமுட்டைகளை யாரும் தொடவில்லை. ஆகவே எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும் அத்தனை பேரும் ஏஎஸ்.